பத்துச் செக்கன்

கார்த்திகை கடைசி. கொட்டாஞ்சேனையில்
மழை சற்று முன்தான் விட்டிருந்தது.
ஷெரோமியின் வகுப்பில் நான்கு பருவங்கள் படிப்பிக்கிறார்கள்.
இலையுதிர்காலத்துக்கு ஒரு படம் வேணுமாம்.
இணையத்தில் எடுத்தது கூடாதாம்,
தானே பிடித்ததாக இருக்கட்டாம்.

"இங்க ஏது பிள்ளை இலையுதிர்காலம்?" என்றேன்.
இந்த ஊரில் இரண்டே பருவம்:
உடுப்புக் காயும் காலம்,
உடுப்புக் காயாத காலம்.

ஆனாலும் தேடினோம்.
பள்ளிக்கூட மதிலோரத்துக் கொட்டங்காய் மரத்தை
போன மாதமே மின்கம்பிக்காக வெட்டிவிட்டார்கள்.
சந்தி அரசமரம் பச்சை.
அதற்கங்கால் மாமரமும்
வெட்கமில்லாத பச்சை.
யூட் ஒரு வாழைச் சருகைத் தூக்கிக் காட்டினான்.
"சீ, அது குப்பை" என்று தள்ளிவிட்டாள் அக்காக்காரி.

நாலரை மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறினோம்,
ஈர உடுப்பை மறுபடியும் விரிக்க.
அங்கேதான் அவள் கண்டாள்.

துறைமுகத்தில்
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கொள்கலன்கள்:
துருச்சிவப்பு, கடுகு மஞ்சள்,
பழுத்த பாக்கின் நிறம்,
உப்புக்காற்றில் வெளிறிய ஏதோவொரு ஊதா.
மேகக் கிழிசலால் இறங்கிய வெயில்
ஒவ்வொன்றாய்ப் பற்றவைத்துக்கொண்டு போனது.
பாரந்தூக்கி ஒன்று
செம்மஞ்சள் பெட்டியைக் கிள்ளி எடுத்து
கப்பலுக்குள் மெல்ல விட்டது.
"அம்மா, உதிருது!"

என் போனின் கமராவில் ஒரு கீறல்.
எதைப் பிடித்தாலும் வலது மூலையிலிருந்து
மயிரிழை வெளிச்சம் குறுக்கே ஓடும்.
யூட்டின் முதல் நன்மைப் படத்தில் அந்தக் கோடு இருக்கிறது.
நத்தார் கேக்கில் இருக்கிறது.
மரித்தோர் நாளன்று மாதம்பிட்டியில்
மெழுகுதிரியோடு நின்ற மாமியின் நெற்றியிலும்.
திருத்துகிற காசுக்கு
எப்போதும் வேறொரு செலவு முந்திக்கொள்ளும்.

ஐந்தரைக்கு டொமினிக் வந்து மேலே ஏறினார்.
பகல் முழுதும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நின்று
இலக்கம் எழுதுகிற மனிதர்.
"உங்கட வேலைத்தலம்தான் இலையுதிர்காலமாம்" என்றேன்.
சிரித்தார். "உள்ளுக்க என்ன கிடக்கு தெரியுமா?
வெங்காயம். டயர். பழைய பிரிட்ஜ்."

பிறகு, என்ன நினைத்தாரோ,
"நாலு பேரும் நிப்பம்" என்றார்.
எங்கள் படங்களில் அவர் இருப்பதில்லை.
பிடிப்பவர் அவர்; சில நேரம்
எங்கள் காலடியில் அவருடைய நிழல் இருக்கும்.

தண்ணீர்த் தாங்கியில் போனைச் சாத்தி,
செங்கல் முட்டுக்கொடுத்து,
பத்துச் செக்கன் வைத்துவிட்டு ஓடி வந்தார்.
ஈரச் சீமெந்து.

படத்தில் நான் வாயைத் திறந்தபடி.
யூட்டுக்குச் சிரிப்பில் கண்ணே இல்லை.
ஷெரோமி கமராவைப் பார்க்காமல் கப்பலைப் பார்க்கிறாள்.
இடது ஓரத்தில் விரிந்த ஐந்து விரல்கள்,
அந்தரத்தில் ஒரு நீல ரப்பர் செருப்பு.
எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தச் சிவப்பு, அந்த மஞ்சள்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே அந்தக் கோடு.

இன்னொருக்கால் எடுப்போம் என்பதற்குள் மழை.
கொடியோடு உடுப்பை இழுத்துக்கொண்டு ஓடினோம்.

துறைமுகப் படத்தைத்தான் கொடுப்பாள் என்றிருந்தேன்.
அவள் இதைக் கொடுத்திருக்கிறாள்.
"இதில் என்ன உதிருது?" என்று கேட்டாராம் டீச்சர்.
"அப்பா" என்றாளாம்.
வகுப்பே சிரித்ததாம்.

நானும் சிரித்தேன்.
பிறகு குசினிக்குள் போய்க்
கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இன்றிரவு போன் சொல்கிறது: இடமில்லை,
எதையாவது அழி.
மின்சார பில் படங்களை அழித்தேன்.
யாரோ அனுப்பிய காலை வணக்க ரோசாக்கள் முழுவதையும் அழித்தேன்.
இதற்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

பக்கத்தில் அவர் குறட்டை விடுகிறார்.
முழங்காலில் தைலம் மணக்கிறது.
விழுந்தவர் எழும்பி, செருப்பைத் தேடி,
"படம் வந்துதா?" என்று கேட்டாரே,
அதற்கு நன்றி ஆண்டவரே.
வேறொன்றும் இப்போது ஞாபகம் வரவில்லை.
விடிய ஐந்து மணிக்கு அவருக்கு வேலை.
காற்சட்டை இன்னும் காயவில்லை.